தொண்ணூறு புள்ளி ஒன்று நான்கு நான்கு

எங்கள் ஊரான கூரமினில் ஒருவர் எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று தெரிந்துவிட்டால் அவரை ஏதாவது ஒரு குழுவுக்குத் தலைவராக்கிவிடுவோம். நெவில் ஸ்ட்ராக்கன் அப்படி நான்கு குழுக்களுக்குத் தலைவர். ஆணி, பெயின்ட், செம்மறி ஆட்டுக்குப் பூச்சி மருந்து எல்லாம் விற்கிற கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் கிரிக்கெட் கிளப்பின் ஸ்கோர் புத்தகம் அவர் மடியில்தான் இருக்கும். முப்பது வருஷத்தில் ஒரு பந்தைக்கூடத் தவறவிட்டதில்லை என்று ஊர் சொல்லும். ஊர் மறந்துபோனால் அவரே எடுத்துச் சொல்வார். நீச்சல் குளத்துக்கும் அவர்தான் தலைவர். அவருக்கு நீந்தத் தெரியாது.

நான் டோரீன் கெல்சோ. குளத்து வாசலில் சிப்ஸ், ஐஸ், குளிர்பானம் விற்கிற கடை என் பொறுப்பு. அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் ஊர் ஜவுளிக்கடையில் துணி வெட்டினேன். கத்தரிக்கோலை அங்கே விட்டுவிட்டு வந்தவள் நாக்கை மட்டும் கொண்டுவந்துவிட்டாள் என்பார் என் வீட்டுக்காரர். அவர் சொன்னதில் தப்பில்லை.

குளத்தை ஊரார் சேர்ந்து தோண்டினார்கள். நீளம் முப்பத்து மூன்று கெஜமும் ஒரு அடியும். பார்க்கிறவர்களுக்குக் கோமாளித்தனமாகத் தெரியும். ஆனால் மூன்று தடவை நீந்தினால் சரியாக நூறு கெஜம். தோண்டியவர்களுக்கு மண்டையில் ஏதோ இருந்தது. பிறகு நாடு மெட்ரிக் அளவுக்கு மாறியது. கெஜம் போய் மீட்டர் வந்தது, போட்டியெல்லாம் நூறு மீட்டர் ஆனது. குளம் மட்டும் வளரவில்லை.

குளத்தின் நீளம் இனிமேல் 30.48 மீட்டர் என்று கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. நூறு மீட்டருக்கு மூன்று நீளம் போதாது, நான்கு நீளம் அதிகம். ஆகவே நான்காவது நீளத்தில் எங்கேயோ ஓரிடத்தில் குளத்துக்குக் குறுக்கே கொடி கட்டிய கயிறு ஒன்றைக் கட்டவேண்டும், அதைத் தொட்டால் நூறு மீட்டர் முடிந்தது. எங்கே கட்டுவது? நெவில் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். முழுப் பக்கம் ஒன்றில் கணக்குப் போட்டார். மூன்று நீளத்துக்கு 90.144 மீட்டர், மீதி 9.856 மீட்டர் என்று வந்தது. ஆழமில்லாத பக்கத்துச் சுவரிலிருந்து அந்த அளவில், குளத்தின் இரு கரையிலும் பித்தளை ஆணி அடித்தார். டேப்பின் மறுமுனையை நான்தான் பிடித்தேன். "மில்லிமீட்டர் சுத்தம்!" என்று நெவில் எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஏதோ நிலாவில் கால் வைத்தவர் மாதிரி இருந்தது முகம்.

அந்தக் கணக்குத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு என் கடைக்குள்ளேயே மாட்டினார். எண்ணெய்ச் சட்டிக்கு நேர் மேலே. எட்டுக் கோடையாக அது அங்கே தொங்குகிறது, எட்டுக் கோடையின் சிப்ஸ் எண்ணெயும் அதன்மேல் படிந்திருக்கிறது. நான் தினமும் பார்க்கிறேன். சுவரில் மாட்டிய எதையாவது யாராவது படிக்கிறார்களா?

என் மகள் ரோவீனாவும் அந்தக் கயிற்றை நோக்கி நீந்தியவள்தான். ஆறு கோடைக்கு முன்னால் மாவட்ட அணிக்குப் போக அவளுக்கு 73.0 நொடி வேண்டியிருந்தது. 73.5 எடுத்தாள். அன்றோடு நீச்சலுடையைச் சுருட்டி அலமாரிக்குள் போட்டவள் அப்புறம் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. இப்போது அடிலெய்டில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்கிறாள். அவளுக்கு விடாப்பிடி போதாது, அப்பாவைக் கொண்டிருக்கிறாள் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருஷம் அந்த இடத்தில் கெய்லீன் ரூஸ் நின்றாள். பதினான்கு வயது. அப்பா கோதுமை லாரி ஓட்டுகிறவர், போட்டியன்றும் துறைமுகத்துக்குப் போயிருந்தார். இந்தப் பெண் காலையில் ஐந்தரைக்கு என் வீட்டுக் கதவைத் தட்டிக் குளத்துச் சாவியை வாங்கிக்கொண்டு போவாள், பள்ளி மணி அடிக்கிற வரைக்கும் நீந்துவாள். தலைமுடி குளோரினில் பச்சையாகிவிட்டது. நூறு மீட்டரை 72.0 நொடிக்குள் நீந்தினால் மாவட்ட அணியில் இடம். மாவட்டத்துப் பட்டியல் போட்டியன்று சாயங்காலத்தோடு முடிகிறது. மிஸ் டன்ஸ்டன் என்று ஒரு அம்மாள், கழுத்தில் ஸ்டாப் வாட்ச்சும் கையில் தாளும், அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போக வந்திருந்தாள். அடுத்த வருஷம் கெய்லீனுக்கு வயது கூடிவிடும், வேண்டிய நேரமும் குறைந்துவிடும். ஆக இன்றைக்கு இல்லையென்றால் இல்லை.

நாற்பத்தொரு டிகிரி வெயில். ஈக்கள் மூக்கிலும் கண்ணிலும் குடித்தனம் நடத்தின. பிள்ளைகள் மூக்குக்கு வெள்ளைக் களிம்பு பூசிக்கொண்டு பூதங்கள் மாதிரி திரிந்தார்கள். கூடாரத்தில் சாசேஜ் வறுபட்டுக்கொண்டிருந்தது. நெவில் ஒலிபெருக்கியில் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார்.

கெய்லீன் முதலில் வந்தாள். இரண்டாவது வந்தவள் இன்னும் கொடியைக் கண்ணால் பார்க்காத தூரத்தில் இருந்தாள். எல்லாரும் மிஸ் டன்ஸ்டன் கையைப் பார்த்தோம்.

"எழுபத்திரண்டு புள்ளி ஆறு" என்றாள் அவள்.

ஒரு நொடிகூட இல்லை, அரை நொடியும் கொஞ்சமும். கெய்லீன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அழவில்லை. எழுந்து வந்து என் கடைப் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டாள், நீர் சொட்டச் சொட்ட.

"கயிறு வரவே இல்ல, மிஸஸ் கெல்சோ. கடைசியில திரும்பினதுக்கு அப்புறம் எத்தனை தடவை கை போட்டாலும் கயிறு வரவே இல்ல."

பின்னாலேயே நெவில் குளிர்பானத்துக்கு வந்திருந்தார். ஒலிபெருக்கியைக் கையிலிருந்து இறக்கக்கூட இல்லை. "கயிறு அங்கயேதான் இருக்கு கண்ணு, எட்டு வருஷமா இருக்கு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்!"

ஒலிபெருக்கி வழியாக அது குளம் முழுக்கக் கேட்டது. நல்ல பழமொழி. நானும் சொல்வதுண்டு. ஆனால் ஒரு பிள்ளையின் தலைக்கு மேலே நின்று அதைச் சொன்ன விதம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நெவில், அந்தக் குழாயை வாயில இருந்து எடு. பொண்ணு மூச்சு வாங்கிக்கட்டும்."

"நான் என்ன பொய்யா சொன்னேன்? கணக்கு உன் தலைக்கு மேலதான் தொங்குது, பாத்துக்க. மில்லிமீட்டர் சுத்தம்."

அவர் போனார். கெய்லீனுக்கு ஒரு எலுமிச்சை ஐஸ் எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் லெஸ் ஹேன்ராட்டி கிழவர் பலகையில் சாய்ந்துகொண்டார். குளம் தோண்டினவர்களில் உயிரோடிருக்கிறவர் அவர் ஒருவர்தான், சிப்ஸில் உப்பு குறைவு என்று சொல்வதற்காகவே உயிரோடிருக்கிறார்.

"எங்க காலத்துல என்ன? மூணு நீளம், நூறு கெஜம், தீந்துச்சு. சுவத்தைத் தொட்டா முடிஞ்சுது. இப்ப நட்டநடுவுல கயிறைக் கட்டிட்டு டான்ஸ் ஆடறானுங்க. உப்பு பத்தல டோரீன்."

உப்புப் புட்டியை அவரிடம் தள்ளினேன். தள்ளின கை அப்படியே நின்றுவிட்டது.

மூன்று நீளம், நூறு கெஜம். துணிக்கடையில் மெட்ரிக் வந்த வருஷம் மேஜைமேல் ஒரு அட்டையை ஒட்டிவிட்டார்கள்: ஒரு கெஜம் 0.9144 மீட்டர். ஊரிலிருக்கிற கிழவிகள் எல்லாரும் கெஜத்தில் கேட்டார்கள், நான் மீட்டரில் வெட்டினேன். அந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நூறு கெஜமென்றால் நூறால் பெருக்கவேண்டும். அதற்குப் பென்சில்கூட வேண்டாம். ஒவ்வொரு இலக்கமும் இரண்டு இடம் மேலே ஏறி உட்காரும், அவ்வளவுதான். பத்தில் ஒன்பது பங்காக இருந்த ஒன்பது, தொண்ணூறாகிவிடும். 91.44.

தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தேன். எண்ணெய்ப் படலத்தை இடுப்பில் கட்டியிருந்த துணியால் துடைத்தேன். 90.144.

இரண்டில் ஒன்று தப்பு. துணி வெட்டினவள் தப்பா, ஆணி விற்றவர் தப்பா? நான் பதினைந்து வருஷத்தில் ஒரு கிழவிக்குக்கூட ஒரு விரற்கடை குறைத்து வெட்டியதில்லை. தாளை முதல் வரியிலிருந்து படித்தேன். மூன்று முப்பது தொண்ணூறு என்று ஒரு வரி. மூன்று நாற்பத்தெட்டு நூற்று நாற்பத்து நான்கு என்று அடுத்த வரி. நடுவில் ஒரு புள்ளி. இந்தப் பக்கத்தை இந்தப் பக்கம், அந்தப் பக்கத்தை அந்தப் பக்கம், சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் நடுவில் சுவர் வைத்த மாதிரி. எட்டு வருஷம் இதற்குக் கீழே நின்று சிப்ஸ் பொரித்திருக்கிறேன்.

சட்டத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடையை லெஸ் கிழவரிடம் விட்டுவிட்டு நடந்தேன். கெய்லீன் ஐஸைக் கையில் பிடித்தபடி பின்னால் வந்தாள். அது அவள் முழங்கை வரை ஒழுகியது.

மிஸ் டன்ஸ்டன் பந்தலுக்குக் கீழே மேஜை போட்டு உட்கார்ந்து பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். நெவில் பக்கத்தில் நாற்காலியில் கால் நீட்டியிருந்தார்.

"மிஸ் டன்ஸ்டன், பேனாவைக் கொஞ்சம் கீழ வைங்க" என்றேன். "இந்தப் பொண்ணு நூறு மீட்டர் நீந்தல. நூத்தியொண்ணு சொச்சம் நீந்தியிருக்கா."

நெவில் சிரித்தார். "டோரீன், வெயில் ஜாஸ்தி. போய்ச் சிப்ஸைப் பொரி."

"பொரிக்கிறேன். அதுக்கு முன்னாடி உன் கணக்கைப் பொரிச்சுட்டுப் போறேன். மூணு நீளம் தொண்ணூத்தியொண்ணு புள்ளி நாலு நாலு. நீ எழுதியிருக்கிறது தொண்ணூறு புள்ளி ஒண்ணு நாலு நாலு. ஆணி ஒண்ணேகால் மீட்டருக்கு மேல தள்ளி அடிச்சிருக்க."

"மூணு நாப்பத்தெட்டு எவ்வளவு?"

"நூத்திநாப்பத்தி நாலு."

"கேட்டுக்கங்க!" நெவில் பந்தல் முழுக்கப் பார்த்தார். சாசேஜ் தின்றுகொண்டிருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். எங்கள் ஊரில் சண்டையென்றால் யாரும் தட்டைக்கூடக் கீழே வைக்கமாட்டார்கள். "அவளே சொல்லிட்டா. நூத்திநாப்பத்தி நாலு. அதைத்தான் எழுதியிருக்கேன். அதுவுமில்லாம டேப்பைப் பிடிச்சது யாரு? நீதானே?"

"டேப்பைப் பிடின்னே, பிடிச்சேன். மூளையையும் சேத்துப் பிடிக்கணும்னு தெரியாமப் போச்சு. நூத்திநாப்பத்தி நாலு என்னப்பா? நூத்திநாப்பத்தி நாலு ஆடா?"

"நம்பர்தான்."

"எதோட நம்பர்? புள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாப்பத்தெட்டு, ஒரு மீட்டரை நூறாப் பங்கு போட்டதுல நாப்பத்தெட்டு பங்கு. மூணு தடவை எடுத்தா அந்த மாதிரி நூத்திநாப்பத்தி நாலு பங்கு. நூறு பங்கு சேந்தா என்ன?"

"அதெல்லாம் பள்ளிக்கூடத்துல—"

"நூறு பங்கு சேந்தா ஒரு முழு மீட்டர், நெவில். அது எழுந்து இந்தப் பக்கம் வந்து உக்காரணும். தொண்ணூறு தொண்ணூத்தியொண்ணாகணும். நீ என்ன பண்ணியிருக்க? வீட்டுக்காரன் வாசல்ல நிக்கிறான், நீ கதவைச் சாத்திட்டு அவனைத் திண்டாட விட்டிருக்க."

மிஸ் டன்ஸ்டன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சட்டத்துக்குள் பார்த்தாள்.  பேனாவை மூடினாள்.

நெவில் முகம் சாசேஜ் நிறத்துக்கு வந்தது. "ஜவுளிக்கடையில நாடா வெட்டினவ எனக்குக் கணக்கு சொல்றா. முப்பது வருஷமா ஸ்கோர் எழுதறேன். புள்ளின்னா என்னன்னு எனக்குத் தெரியும். புள்ளிக்கு இந்தப் பக்கம் ஓவர், அந்தப் பக்கம் பந்து. ரெண்டையும் தனித்தனியாத்தான் வெக்கணும்."

அடப்பாவி என்று நினைத்தேன். முப்பது வருஷமும் இந்த ஆள் கண்ணுக்கு உலகத்தில் இருக்கிற புள்ளியெல்லாம் ஒரே புள்ளி. கோபத்தையும் மீறி எனக்குச் சிரிப்பு வந்தது. வழி கிடைத்துவிட்ட சிரிப்பு.

"சரி, உன் கிரிக்கெட்டுக்கே வர்றேன். உன் பையன் கிராண்டோட டீம் ஒரு மேட்ச்சுல முப்பது ஓவர் அஞ்சு பந்து போடுது. எப்படி எழுதுவ?"

"முப்பது புள்ளி அஞ்சு. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"மூணு மேட்ச்சுலயும் அதே மாதிரி போடுது. மொத்தம் எத்தனை? மூணு முப்பது தொண்ணூறு, மூணஞ்சு பதினஞ்சு. தொண்ணூறு புள்ளி பதினஞ்சுன்னு எழுதுவியா?"

நெவில் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டார். அவமானம் தாங்கவில்லை. "தொண்ணூறு ஓவர் பதினஞ்சு பந்தா? எந்தக் கழுதை அப்படி எழுதும்? ஆறு பந்து ஆனா ஒரு ஓவர்! பதினஞ்சு பந்துல ரெண்டு ஓவர் போயிடும், மிச்சம் மூணு. தொண்ணூத்திரண்டு புள்ளி மூ—"

அங்கே நின்றுவிட்டார்.

வாய் திறந்திருந்தது, அதற்குள் ஒரு ஈ போய்விட்டு வந்தது. பந்தலில் முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆறு பந்து சேந்தா ஓவர் பக்கம் தூக்கிப் போடத் தெரியுது" என்றேன். "நூறு சென்டிமீட்டர் சேந்தா மீட்டர் பக்கம் தூக்கிப் போடத் தெரியல. எந்தக் கழுதை அப்படி எழுதும்னு நீயே கேட்டியே, இந்தா, கண்ணாடி போட்டு வெச்சிருக்கு, பாத்துக்க." சட்டத்தை அவர் மடியில் வைத்தேன்.

இதோடு நிறுத்துகிற மனிதரா? "சரி, இருக்கட்டும்" என்றார். "ஒரு மீட்டர் சொச்சம். அதுல என்ன குடிமுழுகிப் போச்சு? அவ அரை நொடிக்கு மேல பிந்தியிருக்கா. ஒரு மீட்டர்ல அதெல்லாம் வராது."

"வரும். நூறு மீட்டருக்கு எழுபது நொடி சொச்சம் எடுக்கறா. ஒரு மீட்டருக்கு?"

"புள்ளி ஏழு" என்று கெய்லீன்தான் சொன்னாள். அவ்வளவு நேரமும் ஐஸ் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

"புள்ளி ஏழு நொடி. தள்ளியிருக்கிற தூரம் ஒண்ணு புள்ளி மூணு மீட்டர்னு வெச்சுக்க. ரெண்டையும் பெருக்கு."

நெவில் உதட்டை அசைத்தார். "பதிமூணேழு தொண்ணூத்தியொண்ணு. ஒம்பது புள்ளி ஒண்ணு. ஒம்பது நொடியா? ஒண்ணேகால் மீட்டர் நீந்தறதுக்கா? பாத்தியா, உன் கணக்கே உன்னைக் கவுத்துடுச்சு!"

"பத்தில ஒரு பங்கை எடுத்து அதையும் பத்தாப் பிரிச்சா என்ன ஆகும் நெவில்? ஒரு கேக்கைப் பத்தா வெட்டி, அதுல ஒரு துண்டை மறுபடி பத்தா வெட்டினா உன் பங்குக்கு என்ன வரும்? நூத்துல ஒண்ணு. தூள்தான் வரும். பதிமூணும் பத்துல பங்கு, ஏழும் பத்துல பங்கு. அப்ப தொண்ணூத்தியொண்ணு நூத்துல பங்கு. பூஜ்யம் புள்ளி ஒம்பது ஒண்ணு. ஏறக்குறைய ஒரு நொடி."

மிஸ் டன்ஸ்டன் தாளின் ஓரத்தில் அதை எழுதிப் பார்த்தாள். எழுபத்திரண்டு புள்ளி ஆறிலிருந்து கழித்தாள். அவள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். எழுபத்தொன்றரையும் கொஞ்சமும்.

"அப்ப நான் உள்ள வந்துட்டேனா மிஸ்?" என்றாள் கெய்லீன்.

"இல்லை" என்றாள் மிஸ் டன்ஸ்டன். "பேப்பர்ல நீந்தினது செல்லாது. ஆனா நூறு மீட்டர்னு சொல்லி வேற தூரத்தை நீந்த வெச்சா, அதுவும் செல்லாது. அந்தப் பந்தயமே நடக்கலைன்னுதான் அர்த்தம். நான் நாலரைக்குக் கிளம்பணும். அதுக்குள்ள கயிறு சரியான இடத்துல இருந்தா இவ நீந்தலாம்." பிறகு நெவில் பக்கம் திரும்பி, "சுவத்துல இருந்து எட்டு புள்ளி அஞ்சு ஆறு மீட்டர். எழுதித் தரட்டுமா?" என்றாள். அந்த அம்மாளை எனக்கு அப்போதுதான் பிடித்தது.

நெவில் தன் கடைக்கு ஓடிப்போய் ட்ரில்லும் புது ஆணியும் கொண்டுவந்தார். இந்தத் தடவையும் டேப்பின் மறுமுனையை நான் பிடித்தேன். இந்தத் தடவை எண்ணை நான் வாய்விட்டுப் படித்தேன், ஒவ்வொரு இலக்கமாக, அவர் காதுக்குள். பழைய ஆணிக்கும் புது ஆணிக்கும் நடுவில் ஒரு ஆட்டுக்கிடா படுக்கலாம். அத்தனை பேரும் எட்டு வருஷம் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துக் குளத்தில் இறங்கியிருக்கிறோம்.

நாலு மணி பத்து நிமிஷத்துக்குக் கெய்லீன் தனியாக மேடை ஏறினாள். மற்றப் பந்தயங்களையும் சேர்த்து இதோடு அன்றைக்கு நான்காவது தடவை. வயிற்றில் ஒரு ஐஸும் இரண்டு சாசேஜும் இருந்தன. பக்கத்தில் போட்டிக்கு யாரும் இல்லை. குளம் முழுக்க அவள் ஒருத்தி. கரையில் ஊரே நின்றது. நெவில் ஒலிபெருக்கியைத் தூக்கப்போனார், லெஸ் கிழவர் அதைப் பிடுங்கித் தன் நாற்காலிக்குக் கீழே வைத்து மேலே உட்கார்ந்துகொண்டார்.

முதல் இரண்டு நீளம் நன்றாக நீந்தினாள். மூன்றாவதில் கை தளர்ந்தது, தண்ணீரை வெட்டாமல் அறைந்தது. நான் கரையோரமாக நடந்தேன், நடந்தேன், அப்புறம் ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் கடைசியாக ஓடியது எப்போது என்று நினைவில்லை. கடைசிச் சுவரில் அவள் திரும்பி உதைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு கை. தலையைத் தூக்கவேயில்லை. கயிறு வந்துவிட்டது.

மிஸ் டன்ஸ்டன் வாட்ச்சைப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். "எழுபத்தொண்ணு புள்ளி எட்டு."

என்னென்னவோ கத்தினோம். யாரோ உடையோடு குளத்தில் குதித்துக் கெய்லீனைக் கட்டிப்பிடித்தார்கள். நெவில் எல்லாரிடமும் கைகுலுக்கிக்கொண்டு போனார். "உடனே கண்டுபிடிச்சு உடனே சரிபண்ணிட்டோம், பாத்தீங்களா? குழுன்னா இப்படித்தான் வேலை செய்யணும்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அவரை விட்டுவிட்டேன். கழுதையை எத்தனை தடவை குளிப்பாட்டுவது?

கூட்டம் கலைந்த பிறகு கடையைக் கழுவினேன். சட்டம் மாட்டியிருந்த இடத்தில் சுவர் வெள்ளையாக ஒரு சதுரமாக இருந்தது. சுற்றிலும் எண்ணெய்ப் பழுப்பு. அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குள் அந்தக் கணக்கு தானாக ஓடியது. நான் போடச் சொல்லவில்லை. 73.5. அதிலிருந்து 0.91.

72.59.

அவளுக்கு வேண்டியிருந்தது 73.0.

ஈரத் துணியை வாளியில் போட்டுவிட்டு வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கயிறு வரவே இல்லை என்ற கெய்லீனை நெவில் குத்திப் பேசியதும் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவள் சொன்ன அதே வார்த்தையை இதற்கு முன் எங்கே கேட்டேன் என்று அப்போது ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போய்க் கால்கூடக் கழுவாமல் அடிலெய்டுக்குப் போன் போட்டேன். ரோவீனா எடுத்தாள். பின்னால் ஏதோ வாணலியில் வதங்கும் சத்தம்.

"என்னம்மா? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல. இன்னைக்கு நீச்சல் போட்டி. ரூஸ் வீட்டுப் பொண்ணு தேறிடுச்சு."

"கெய்லீனா? எவ்வளவு?"

"எழுபத்தொண்ணு புள்ளி எட்டு."

"அடேயப்பா. நல்லா நீந்தியிருக்கா."

"ரோவீனா, அந்தக் கயிறு தப்பு. எட்டு வருஷமாத் தப்பான இடத்துல இருந்திருக்கு. ஒண்ணேகால் மீட்டருக்கு மேல தள்ளி. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். உனக்கு..." எண்ணை விட்டுவிட்டு மேலே போனேன். "நீ தேறியிருக்க. அரை நொடி கிட்டத்தட்ட மிச்சம் வெச்சுத் தேறியிருக்க."

அடுப்பை அணைத்திருக்கவேண்டும், வாணலிச் சத்தம் நின்றது.  அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கே சொன்னேனேம்மா" என்றாள். குரலில் கோபமே இல்லை. "கார்ல வர்றப்ப சொன்னேன். கயிறு வரவே இல்லம்மா, தள்ளியிருக்கும்மான்னு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீ என்ன சொன்னே?"

 அவள் விடவில்லை. விடாப்பிடி போதாது என்று நான் ஊரெல்லாம் சொன்ன பெண், போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே காத்திருந்தாள்.

"ஆடத் தெரியாதவ," என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் சொல்ல என்னால் முடியவில்லை.